வெயிலூரில் புலம்பல் கேட்டுத் திரிந்தது

வெள்ளி இரவு, காட்பாடி

அரக்கோணத்துக்கு முன்னால் வண்டி நின்றது. நின்றதுமே எதிர் சீட்டுக்காரர் "ஆரம்பிச்சிட்டான்" என்றார். யார், எதை என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான், பெட்டியே சூடு பிடித்துவிட்டது. ஒருவர் வண்டியைச் சொல்ல, இன்னொருவர் வெயிலைச் சொல்ல, ஜன்னலோரம் இருந்தவர் தன் மாப்பிள்ளைக்குத் தாவினார். வாலாஜா ரோடு வருவதற்குள் அந்த மாப்பிள்ளை வாங்கிய பைக், அதற்கு யார் தவணை கட்டுகிறார்கள், அவருடைய அம்மா என்ன சொன்னாள் எல்லாம் எனக்கு அத்துப்படி. அவர் பெயர் மட்டும் தெரியாது.

நடுவில் ஒரு பையன் வாயைத் திறந்து, "நேத்தைக்கு இன்னிக்குப் பரவால்லண்ணா, சீக்கிரமாத்தான் வந்துகினு கீது" என்றான். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் காட்பாடி வரை அவனிடம் யாரும் பேசவுமில்லை. திருப்தியாக இருக்கிறவனிடம் என்னத்தைப் பேசுவது?

கத்திரி வெயிலில் யாராவது வேலூருக்குப் போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். சித்தி கூப்பிட்டு நாளாயிற்று என்பது ஒரு காரணம். இன்னொன்று, இந்த வேலூர்ப் பக்கத்து வடார்க்காட்டு ஆட்கள் சலித்துக்கொள்கிற அழகு. அதைக் கேட்க மே மாதத்தைவிட நல்ல பருவம் கிடையாது.

சனி, வேலூர்

காலை எட்டு மணிக்கே தார் ரோடு கண்ணைக் கூசுகிறது. ஊர்க்காரர்களே இதை வெயிலூர் என்றுதான் சொல்கிறார்கள். இங்கே ரெண்டே காலம், வெயில் காலம், கடும் வெயில் காலம் என்று ஆட்டோக்காரர் ஒரு விலாசம் சொல்வது போலச் சொன்னார். இந்த வசனத்தை அவர் ஆயிரம் சவாரிகளிடம் சொல்லியிருப்பார். இருந்தாலும் நான் சிரித்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் இறங்கினேன். 1900-ல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம். வைத்தியத்துக்கு வருகிறவர்களால் இன்று அதைச் சுற்றி ஒரு குட்டி வங்காளமே இருக்கிறது. லாட்ஜ் போர்டு, மருந்துக்கடைப் போர்டு, சாப்பாட்டுக் கடைப் போர்டு எல்லாவற்றிலும் வங்காள எழுத்து. கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசனை சந்துக்குச் சந்து வருகிறது. டீக்கடையில் ஒரு பெரியவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே "கூப் கொரோம்" என்றார், ரொம்பச் சூடு என்று அர்த்தம். டீ ஆற்றிக்கொண்டிருந்த நம்மாள் தலையைத் தூக்காமல் "ஆமா தாதா, கூப் கொரோம்" என்றார். தாதா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். அதற்கு மேல் அவருக்கு வங்காளம் தெரியுமா என்று தெரியவில்லை. தேவையும் படவில்லை. பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து இன்னும் ஐந்து நிமிடம் தன் மொழியில் புலம்பினார், இவர் சரியான இடங்களில் "ஆமா தாதா" போட்டார். இரண்டு பேருக்கும் நிறைவாகத்தான் இருந்தது.

கோட்டைக்கு நடந்தே போனேன். முட்டாள்தனம். அகழி ஓரம் நின்றதும், ஐஸ் விற்றுக்கொண்டிருந்தவர் கேட்காமலே அந்தப் பழைய பாட்டை எடுத்துவிட்டார். "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அதிகாரம் இல்லாத போலீசு. அதான் சார் வேலூரு." பெண்களைப் பற்றியும் அதில் ஒரு வரி உண்டு. இரவு சித்தியிடம் அதைச் சொன்னபோது, "எவன் சொன்னான், அவன் மூஞ்சிய கண்ணாடில பார்த்தானாமா?" என்று கேட்டார். எனவே அதை இங்கே எழுதவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பட்டியலில் ஒரு வரி செல்லாமல் போய் ரொம்ப வருஷமாகிறது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் நீண்ட காலம் மூலவர் இல்லைதான், லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. ஆனால் 1981-ல் சாமியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நான் போனபோது உள்ளே அர்ச்சனைக்கு வரிசையே நின்றது. ஆறும் அப்படித்தான். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியது, பாலங்கள் மூழ்கின, ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் போய் நின்றார்கள். "அப்ப மட்டும் தண்ணி வந்துச்சே?" என்றேன். ஐஸ்காரர் ஒரு கணம் யோசித்தார். "வந்துச்சு. வந்து இன்னா பண்றது, எல்லாம் கடலுக்குப் போய்டுச்சே" என்றார். தண்ணீர் வராவிட்டாலும் குறை, வந்தாலும் குறை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த ஊர்க் குழாயில் மேட்டூரிலிருந்து காவிரி வருகிறது, பாலாறோ பெரும்பாலான மாதங்கள் மணலாகக் கிடக்கிறது.

இதே கோட்டைக்குள் ஒரு குறையைச் சொல்லி உதை வாங்கியவர்கள் உண்டு. 1806-ல் சிப்பாய்களுக்குப் புது உடை விதி வந்தது. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தலையில் தோல் சேர்த்த புதுத் தலைப்பாகை. மே மாதமே அதைப் போட மாட்டோம் என்று மறுத்தார்கள். மறுத்தவர்களில் சிலரைச் சென்னைக்கு அனுப்பி விசாரித்து, இருவருக்குக் கசையடி கொடுத்து வேலையை விட்டே துரத்தினார்கள். முஸ்தபா பெய்க் என்ற சிப்பாய் 'ஏதோ நடக்கப் போகிறது' என்று முன்கூட்டியே எச்சரித்தார். அவருக்குப் பைத்தியம் என்று சொல்லி விலங்கு மாட்டினார்கள். ஜூலை 10 விடிவதற்கு முன் துப்பாக்கி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்று பகலுக்குள் அடக்கிவிட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். பிறகு அந்த விதியையும் திரும்பப் பெற்றார்கள், கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. மே மாதத்திலேயே காதில் போட்டுக்கொண்டிருந்தால் தலைப்பாகையோடு போயிருக்கும்.

மக்கான் பக்கம் இருக்கிற, அந்தச் சிப்பாய்களின் நினைவுத் தூணைப் பார்த்துவிட்டு வந்தேன். அதன் நிழலில் ஒருவர் செல்போனில் யாரிடமோ, "என்னை யாரு மதிக்கிறாங்க இந்த வீட்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு, சத்துவாச்சாரி

இன்று வெளியே அதிகம் போகவில்லை. சித்தி வீட்டிலேயே கச்சேரி.

சித்தி கத்தரிக்காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார வேண்டும். இலவம்பாடி முள்ளுக் கத்தரி. காம்பில் நிஜமாகவே முள் இருக்கும், கவனமில்லாமல் எடுத்தால் விரலில் ஏறும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதிலிருந்துதான் விலை ஏறிப்போச்சு என்பது சித்தியின் கட்சி. ஒவ்வொரு காயையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அதற்கென்று தனியாக ஒரு குறை சொல்லி, அப்புறம்தான் அரிவாள்மணையில் வைப்பார். "இது முத்தல். இதுல பாரு ஓட்டை. இது காயா, கல்லா? இலவம்பாடின்னு சொல்லி எதையோ தலையில கட்டிட்டான்." எந்தக் காயையும் தூக்கிப் போடவில்லை. எல்லாம் குழம்புக்குத்தான் போயிற்று. குழம்பு பிரமாதம். "உப்பு கொறைச்சலா கீதில்ல?" என்று அதற்கும் ஒரு முகவுரை வைத்துத்தான் பரிமாறினார்.

சித்தியிடம் பல சுதிகள் உண்டு. தனக்குள் சொல்லிக்கொள்கிற முணுமுணுப்பு ஒன்று, அது பாத்திரம் கழுவும் நேரத்துக்கு. அடுத்த வீட்டுக்குக் கேட்கட்டும் என்று சுவரைப் பார்த்துச் சொல்வது ஒன்று, அதைச் சாடை பேசுவது என்றுதான் தெருவில் சொல்கிறார்கள். சொந்தக்காரர்கள் போன் பண்ணினால் பஞ்சப் பாட்டு. கடன் கேட்டுவிடுவார்களோ என்று ஒரு தற்காப்பு. தம்பி மகள் கல்யாணத்தில் யாருக்கு என்ன சேலை எடுத்தார்கள் என்பதற்கு அங்கலாய்ப்பு. கரண்ட் போனால் யாரையென்று இல்லாமல் கரித்துக் கொட்டுவது. "ஒரே ரோதனை", "பேஜாரா போச்சு" இரண்டும் கமா, முற்றுப்புள்ளி மாதிரி எங்கும் வரும்.

மதியம் மோட்டார் ஓடவில்லை. ஒரு மணி நேரம் சித்தி அதைப் பற்றிச் சொன்னார். எதிர்வீட்டுப் பையன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கெப்பாசிட்டர் போயிருக்கும் பெரிம்மா, நான் போய் வாங்கினு வந்து மாட்டட்டா?" என்றான். சித்திக்கு வந்ததே கோபம். "நான் உன்னை ரிப்பேர் பண்ணச் சொன்னேனா? மனுசி வாயத் தொறக்கக் கூடாதா?" பையன் வழிசலாகச் சிரித்துக்கொண்டு போனான். அரை மணி கழித்து வந்து மாட்டியும் கொடுத்தான். அவனுக்குப் பழக்கம்தான் போலிருக்கிறது.

எனக்கு ஆச்சரியம் கொடுத்தது வேறொன்று. சாயங்காலம் தெருக்காரர் ஒருவர் ஒரு தாளோடு வந்தார். சாக்கடை அடைத்துக்கொண்டு தெரு முனையில் தேங்குகிறது, அதற்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டு நாளைக்கு மனு கொடுக்கலாம் என்று. அந்தச் சாக்கடையைப் பற்றி நான் வந்ததிலிருந்து சித்தி சொல்லாத நேரமில்லை. ஆனால் பேனாவை நீட்டியதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று உள்ளே போய்விட்டார். அடுப்பில் பாலே இல்லை.

தாள்காரர் போனபின், "ஏன் சித்தி?" என்றேன்.

"எழுதிக் குடுத்தா நம்ம பேரு வந்துடும்டா. பேரு வந்தா நாளைக்கு எவனாவது வந்து கேப்பான். சொல்றது வேற, எழுதறது வேற."

இரவு மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து, வராமல் போனது. அதற்குமுன் ஒரு எட்டு விரிஞ்சிபுரம் போய்வந்தோம். மதிலழகுக்குப் பேர்போன கோயில். சாமி மார்க்கபந்து, அதாவது வழித்துணை. சன்னதியில் ஒரு அம்மா கும்பிடவே இல்லை, சண்டை போட்டார். "உனக்குக் கண்ணில்லையா, உனக்கு எத்தினி தடவ சொல்றது" என்று சத்தமாகவே. குருக்கள் கண்டுகொள்ளவில்லை. கண் போனபோது சுந்தரர் சண்டை போட்டதைக் கேட்டுப் பழகிய சாமிதானே.

திங்கள், ஆட்சியர் அலுவலகம்

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாள். சித்தி வரவில்லை. சாக்கடைத் தாள்காரரோடு ஒட்டிக்கொண்டு நான் போனேன்.

வாசலில் போலீஸ் ஒவ்வொரு பையையும் திறந்து பார்க்கிறது. தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து முகர்ந்து பார்க்கிறார்கள், மண்ணெண்ணெயா என்று. ஒரு அம்மாவின் கூடையில் மோர் இருந்தது. அதையும் முகர்ந்தார் பெண் காவலர். "மோருதாம்மா, குடிக்கிறியா?" என்று கேட்டார் அந்த அம்மா. கூட்டத்தில் யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. எதற்காக அந்தச் சோதனை என்று எல்லோருக்கும் தெரியும்.

வெளியே மர நிழலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள். மடக்கு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, காற்றில் பறக்காமல் இருக்கத் தாள் மேல் ஒரு கல். நான் ஒருவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து, "பிராது குடுக்கணும் சாமி" என்றார். நவாபு காலத்துச் சொல்லை இன்னும் புழங்குகிறார்.

"எதுக்கு பாட்டி?"

பாட்டி தன் வீட்டுக்காரர் செத்த வருஷத்திலிருந்து ஆரம்பித்தார். அவர் எப்படிச் செத்தார், அப்போது பெரியவன் எங்கே இருந்தான், சின்னவன் பெண்டாட்டி என்ன சொன்னாள், ஆட்டுக்குட்டி எப்படிக் காணாமல் போனது. எழுதுபவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அவசரப்படுத்தவில்லை. பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள், அவர்களும் "அய்யோ", "த்சொ" என்று சேர்ந்துகொண்டார்கள். எல்லாம் முடிந்து பாட்டி முந்தானையால் மூக்கைச் சிந்தியதும், அவர் மெதுவாக, "பொருள் இன்னா போடட்டும்? முதியோர் உதவித்தொகையா?" என்றார்.

"ஆமா. அதான்."

அனுப்புநர், பெறுநர், பொருள். 'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்.' பாட்டியின் அரை மணிக் கதை நான்கு வரியில் அடங்கிவிட்டது. வீட்டுக்காரர் 'எனது கணவர் இறந்துவிட்ட நிலையில்' ஆனார். மருமகளும் ஆட்டுக்குட்டியும் இல்லவே இல்லை. படித்துக் காட்டினார். பாட்டி கேட்டுவிட்டு, "ஆட்டுக்குட்டிய சொல்லலியே" என்றார்.

"அத கலெக்டர் கேக்க மாட்டாரு பாட்டி."

"அப்ப யாரு கேப்பாங்க?"

"அதான் நான் கேட்டுட்டேனே."

பாட்டி அதை ஒப்புக்கொண்டு, இடது கைப் பெருவிரலை நீட்டினார். கூட்டம் குறைந்தபோது மனு எழுதுபவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ரொம்பக் கத்துகிறவர்கள் பாதிப்பேர் எழுதாமலே போய்விடுவார்கள் என்றார். சொல்லித் தீர்த்ததே போதும் என்று ஆகிவிடுமாம். ஒன்றும் பேசாமல் வந்து, பிளாஸ்டிக் கவரில் போட்ட பழைய தாள்களை எடுத்து மேசையில் வைக்கிறவர்கள்தான் அவருக்குச் சிரமம். "அவங்க வாயில இருந்து வார்த்தைய புடுங்கணும் சார்."

உள்ளே டோக்கன், பதிவு, கணினியில் ஒரு எண், கையில் ஒரு ரசீது. பட்டா, பாதை, உதவித்தொகை, வீட்டுமனை என்றே காதில் விழுந்தது. வெயிலைப் பற்றி அந்த ஹாலில் ஒருத்தரும் பேசவில்லை. மின்விசிறி சுற்றியும் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றிக்கொண்டுதான் இருந்தது. நம் சாக்கடை மனுவுக்கும் எண் வந்துவிட்டது.

செவ்வாய், ஆம்பூர்

ஆம்பூர் இப்போது வேலூர் மாவட்டம் கிடையாது. 1989-ல் வடார்க்காட்டிலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் மிச்சத்தையும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக்கினார்கள். ஆம்பூர் போனது திருப்பத்தூர் பக்கம். பஸ்ஸில் ஒருவர் இதற்காக இன்னும் பொருமிக்கொண்டிருந்தார். திருப்பத்தூரில் அவருக்கு ஒரு டீக்கடைகூடப் பழக்கமில்லையாம்.

முதலில் பிரியாணி. சீரகச் சம்பா, சிவப்பு மிளகாய் விழுது, பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும். நன்றாக இருந்தது என்று எழுதிவிட்டால் இந்தப் பதிவுக்கு ஒத்துவராது, எனவே பீஸ் சின்னது என்று பதிந்துவைக்கிறேன்.

சித்தப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் ஊருக்கு வெளியே தென்னை வைத்திருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு வரும்படி சித்தி சொல்லியிருந்தார். சித்தப்பாவோடு அரட்டை அடித்தவர் என்றதும் நான் பெரிய புலம்பலை எதிர்பார்த்துப் போனேன். ஆள் பேசவே இல்லை. கிணற்றடிக்குக் கூட்டிப்போய் ஒரு வாளி இறைத்து, ஒரு சொம்பில் மொண்டு என் கையில் ஊற்றினார். "நாக்குல வச்சுப் பாரு தம்பி." உப்புக் கரித்தது. தொட்டி ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. தென்னையில் நாலைந்து மரங்களுக்கு மட்டை சின்னதாகி, குரும்பை கருகிக் கிடந்தது.

பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான ஈட்டையும், நிலத்தையும் நீரையும் பழையபடி ஆக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது அது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற யாரும் இந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது. தோல் தொழில் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. இன்னொரு பக்கம், இதே தொழிலையும் செருப்புக் கம்பெனிகளையும் நம்பித்தான் ஆம்பூரில் ஏகப்பட்ட வீடுகளில் அடுப்பு எரிகிறது. அவருடைய மருமகளே ஒரு ஷூ கம்பெனி வேனில் தினம் போய்வருகிறாள். "அத எப்படி தம்பி வையறது?" என்றார். அவ்வளவு நேரத்தில் அவர் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான்.

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தார். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகள், பழைய மனு ரசீதுகள், மஞ்சளாகிப்போன பத்திரிகைத் துண்டுகள், எல்லாம் தேதிவாரியாக. விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்தில் கொடுக்க ஒரு புது மனு. பொருள் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"இதுல இன்னா போடலாம்?"

நேற்றுப் பார்த்த தைரியத்தில், 'கிணற்று நீர் மாசடைந்தது – ஆய்வு செய்து நிவாரணம் கோருவது சார்பு' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். 'சார்பு' என்ற சொல்லில் அவருக்குத் திருப்தி. அப்புறம் ரசீதெல்லாம் அசலாக இணைக்கணுமா, ஜெராக்ஸ் போதுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு பேரும் போய்க் கேட்டோம். அசலை எந்தக் காலத்திலும் கொடுத்துவிடாதீர்கள் என்றார் கடைக்காரர். ஒரு செட் எடுத்தோம். பின் அடிக்கும்போது தாள் வரிசை மாறிவிட்டது, அவரே பிரித்து மறுபடி அடுக்கினார்.